நீட்டுச் சங்கு

மைன்ஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும்,

வெடிமருந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பயிற்சி வகுப்பில் ஆள் இருக்கிறார்கள். குழி எவ்வளவு ஆழம், மருந்து எவ்வளவு, எந்தக் குழி முதலில் வெடிக்க வேண்டும், எல்லாவற்றையும் படம் போட்டுக் காட்டுவார்கள். என்னைவிட நன்றாகவே காட்டுவார்கள். அந்தப் பாடத்தில் நான் தலையிட மாட்டேன்.

வேலையில் இருந்த காலத்தில் இரண்டு பழக்கங்களுக்காக என்னைக் கிண்டல் செய்வார்கள். ஒன்று, புதிதாக யார் வந்தாலும் படிப்பையோ மார்க்கையோ கேட்க மாட்டேன். "சின்ன வயசுல எங்க ஒளிஞ்சு வெளையாடுவ?" என்று கேட்பேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வளர்ந்த ஒரு பையன், நிற்கிற பஸ்ஸுக்கு அடியில் ஒளிவேன் என்றான். கொஞ்ச நாளைக்கு அவனை டம்பர் லாரிகள் நிற்கிற பக்கமே விடவில்லை. நிற்கிற வண்டி உடனே கிளம்பாது என்று அவன் உடம்பு நம்பிக்கொண்டிருந்தது. ஆண்டிமடத்துப் பெண் ஒருத்தி முந்திரி மரத்து உச்சியில் ஒளிவேன் என்றாள். அவளுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. பாறை விளிம்பில் நின்று சாவகாசமாகப் பேசுவாள், நான்தான் கையைப் பிடித்து உள்ளே இழுப்பேன்.

இரண்டாவது பழக்கம், வெடி முடிந்து நீட்டுச் சங்கு ஊதியதும் நாங்கள் பதுங்குகிற ஷெல்டரிலிருந்து முதலில் வெளியே நடக்கிறவன் நானாகத்தான் இருப்பேன். எனக்கு முன்னால் ஒருவரையும் விடமாட்டேன். "மாப்பிள்ளை ஊர்வலம் கெளம்பிருச்சு" என்று பின்னாலிருந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவேன். இந்த இரண்டு பழக்கமும் ஒரே நாளில் என்னிடம் ஒட்டிக்கொண்டவை. அந்த நாளைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் நான் ஒளிந்த இடத்தைச் சொல்லியாக வேண்டும். அரியலூருக்கும் கீழப்பழுவூருக்கும் இடையில் ஒரு ஓடையோரம் எங்கள் ஊர். இப்போது அங்கே ஊர் இல்லை. சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு எல்லோரும் மெயின் ரோட்டுப் பக்கம் புது வீடுகளுக்கு வந்துவிட்டோம். அதற்காக இங்கே ஒப்பாரி வைக்கப்போவதில்லை. அந்த நிலத்தைக் கொடுத்ததால்தான் எனக்கு வேலை கிடைத்தது, அந்த வேலையில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது ஓடைக்கு அந்தப் பக்கம் பழைய சுரங்கம் ஒன்று இருந்தது. வெடி வைத்தால் நாங்கள் ஆடு மேய்க்கிற இடம் வரைக்கும் கல் பறந்து வரும். ஓடைக்கரையில் தண்ணீர் அரித்து அரித்துப் பாறைக்கு அடியில் ஒரு குடைவு விழுந்திருந்தது. நாலைந்து பிள்ளைகள் குந்தலாம். சுரங்கத்துச் சைரனைத்தான் சங்கு என்போம், அது விட்டு விட்டு ஊதினால் வெடிக்கப்போகிறது என்று அர்த்தம். ஆட்டை அப்படியே விட்டுவிட்டுக் குடைவுக்குள் பாய வேண்டும். ஒரே மூச்சாக நீட்டி ஊதினால் ஆபத்து முடிந்தது என்று அர்த்தம். அதுவரைக்கும் தலையைத் தூக்கக் கூடாது.

எங்களை மேய்த்தது அஞ்சலை அக்கா. என் பெரியப்பா மகள், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். சங்கு கேட்ட மாத்திரத்தில் என் பிடரியைப் பிடித்து அமுக்குவாள். "நீட்டுச் சங்கு ஊதாம தலைய தூக்குன, தல இருக்காது பாத்துக்க" என்பாள். நீட்டுச் சங்கு ஊதியதும் எல்லோரும் சுரங்கத்தை நோக்கி ஓடுவோம். புதிதாக உடைந்த பாறையில் சிப்பிக்கல்லும் நத்தைக்கல்லும் கிடைக்கும். எந்தக் காலத்திலோ இங்கே கடல் இருந்ததாம், வாத்தியார் சொல்வார். எங்களுக்கு அதெல்லாம் முக்கியமில்லை. பெரிய நத்தை யாருக்கு என்பதில்தான் அடிதடி நடக்கும்.

வேலைக்குச் சேர்ந்த பிறகும் சங்கு விட்டு விட்டு ஊதினால் என் முழங்கால் தானாக மடங்கும். பிளாஸ்டிங் ஃபோர்மேன் ஆகி, வெடியைக் கிளப்புகிற பொத்தான் பெட்டியின் சாவியே என் கைக்கு வந்த பிறகும் மடங்கியது. கீழே கிடக்கிற ஒயரைச் சரிபார்க்கிறவன் மாதிரி குனிந்து சமாளிப்பேன். வெட்கமாகத்தான் இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. புதுச் சுரங்கம் வளர்ந்து வளர்ந்து எங்கள் ஓடை வரைக்கும் வந்துவிட்டது. அந்தக் குடைவை ஒட்டிய பாறையில்தான் அடுத்த வெடி. அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் வீரனார் கோயிலைப் புது ஊருக்கு மாற்றியிருந்தார்கள். சாமியை இடம் மாற்றும்போது பழைய இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப்போய்ப் புது இடத்தில் வைக்க வேண்டும். பிடிமண் வந்தால்தான் சாமி வந்ததாகக் கணக்கு. பூசாரி, மேளம், கம்பெனி ஜீப் என்று எல்லாம் தடபுடலாக நடந்தது. கோயில் வாசலில் மண்ணெடுக்கக் குனிந்தபோது அஞ்சலை அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"இங்க எதுக்குடா எடுக்கிறீங்க? இது மழைக்கு ஒதுங்க மேட்டுல பின்னால கட்டுனது. மொதல்ல சாமி இருந்தது கீழ ஓடைக் குடைவுலதான. அங்க போயி எடுங்க."

"எங்க எடுத்தாலும் வீரனாரு வருவாருக்கா, வுடு" என்றார் ஒருவர். மேளக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். கோயில் வாசலிலேயே மண்ணை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அக்கா அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டாள் என்று நினைக்கிறவர்களுக்கு அவளைத் தெரியாது.

வெடி நாள் வந்தது. மழைக்காலம் தொடங்கியிருந்தது. குழிகளில் மருந்து ஏற்றி, ஒயர் இணைத்து, ஆட்கள் எல்லோரையும் வெளியே அனுப்பியாயிற்று. சுற்றியுள்ள ஒவ்வொரு வழியிலும் சிவப்புக் கொடியோடு காவலுக்கு ஆள் நின்றான். ஷெல்டர் என்கிற இரும்புக் கூண்டுக்குள் நானும் மேனேஜரும் மட்டும் இருந்தோம். மேனேஜர் நாற்பது வயதுக்காரர், பெரம்பலூர் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிற குடும்பத்துப் பிள்ளை. நல்ல மனுஷர், ஆனால் அன்றைக்கு என்னவோ இருப்புக்கொள்ளாமல் இருந்தார். வடமேற்கில் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. தூரத்தில் மின்னியது.

மின்னலும் மருந்தும் சேரக் கூடாது என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். மருந்து ஏற்றிய பாறைக்குப் பக்கத்தில் மின்னல் இறங்கினால் நாம் சாவியைத் தொடாமலேயே அது வெடித்துவிடலாம்.

"மழைக்கு முன்னாடி அடிச்சிரலாங்க ஃபோர்மேன். காவலுக்கு நிக்கிறவங்கள்லாம் வெட்டவெளியில நிக்கிறாங்க" என்றார் மேனேஜர்.

நான் வாக்கி-டாக்கியில் சங்கு ஊதச் சொன்னேன். ஆபீஸ் பக்கத்து அறையில் சங்குக்கு ஜமால் பாய்தான் பொறுப்பு. லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாயில் பல வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, இனிமேல் பிள்ளைகளோடு இருக்கிறேன் என்று ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்தவர். சங்கு விட்டு விட்டு ஊதியது. என் முழங்கால் வழக்கம்போல மடங்கியது. ஒயரைப் பார்க்கிற மாதிரி குனிந்தேன். சங்கு நின்றது. அந்த அமைதியில்தான் ஓடைப் பக்கமிருந்து ஆள்காட்டிக் குருவி கத்துவது கேட்டது.

அந்தக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கால், மூக்கருகே சிவப்பு. மனுஷ நடமாட்டம் கண்டால் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தி ஊரைக் கூட்டும். நாங்கள் குடைவில் ஒளிந்தபோதெல்லாம் எங்களைக் காட்டிக்கொடுத்தது அதுதான். எட்டிப் பார்த்தேன். குடைவுக்கு மேலே ஒரே இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. நான் பெட்டியிலிருந்து சாவியை உருவினேன்.

"என்னங்க ஆச்சு?"

"ஓடையில ஆள் இருக்கிற மாதிரி இருக்கு சார்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. குருவி கத்துது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "குருவி நாய்க்குங் கத்தும், கீரிக்குங் கத்தும். ஏரியா கிளியர்னு எல்லாப் பக்கமும் சொல்லியாச்சு. அங்க பாருங்க வானத்த."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் அன்றைக்குப் பெரிய கஷ்டம். குருவி நாய்க்கும் கத்தும். எல்லாக் காவலும் சரி என்று சொல்லியிருந்தது. ஆனால் காவல் நிற்பது பாதைகளில். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் பாதை வழியாக ஓடைக்குப் போனதில்லை. முள்ளுக்காட்டுக்குள் புகுந்துதான் போவார்கள். அஞ்சலை அக்கா பேசாமல் நின்ற முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. இன்றைக்கு வெடி என்று புது ஊரில் எல்லோருக்கும் தெரியும். விட்டால் அந்த மண் கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும்.

மேனேஜரிடம் சொன்னேன். ஜீப்பிலிருந்த மைக்கை எடுத்து, "ஓடையில யாராவது இருந்தா ஒடனே வெளிய வாங்க" என்று கூப்பிட்டோம். ஒரு அசைவும் இல்லை. குருவி மட்டும் விடாமல் கத்தியது.

"பாத்தீங்களா, யாரும் இல்ல" என்றார் மேனேஜர். அடுத்த மின்னலுக்கு அவர் தோள் தூக்கிப்போட்டது. "எங்க சித்தப்பாவ இடி எடுத்துட்டுப் போச்சுங்க, வெங்காயக் காட்டுல. நான் வரப்புல நின்னு பாத்தேன். எனக்கு அப்ப எட்டு வயசு. கொடி புடிச்சுக்கிட்டு அங்க நிக்கிறானுங்களே, ஒவ்வொருத்தனையும் பாத்தா எனக்கு அவரு மாதிரியேதான் தெரியுது. சொன்னாக் கேளுங்க, முடிச்சு வுட்ருவோம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கூண்டுக்குள் நாங்கள் சட்டம் பேசிக்கொண்டிருக்கவில்லை. அவர் தன் வெங்காயக் காட்டிலிருந்து பேசினார், நான் என் குடைவிலிருந்து பேசினேன். இரண்டு பேர் பயமும் நிஜம். அமுக்கினால் குடைவில் இருக்கிறவர் காலி. அமுக்காமல் காத்திருந்தால் மின்னலே அமுக்கிவிடும், அப்போதும் காலி. அங்கே ஒரு ஆள் இருந்தால் உடனே எழுப்பியாக வேண்டும். தேடிக்கொண்டு ஆட்களை உள்ளே அனுப்பினால் அவர்களும் மருந்து ஏற்றிய பாறைக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள்.

மைக்குக்கு ஏன் வரவில்லை என்று யோசித்தேன். மைக் என்றால் செக்யூரிட்டி. பிடித்தால் போலீஸ் ஸ்டேஷன் என்று மிரட்டியிருக்கிறார்கள். இன்னும் உள்ளேதான் ஒடுங்குவாள். அதைவிடப் பெரிய விஷயம், விட்டு விட்டுச் சங்கு ஊதியாயிற்று. ஊதினால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கெல்லாம் பழக்கிவிட்டவளே அவள்தான். பழைய சுரங்கம் தூரத்தில் இருந்தபோது அந்தக் குடைவு உயிரைக் காப்பாற்றியது. இப்போது வெடியே அதன் தலைமாட்டில் இருக்கிறது. அவளுக்கு அது தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு நீட்டுச் சங்குக்காகக் காத்திருப்பாள்.

"சார், நீட்டுச் சங்க ஊதச் சொல்லுங்க" என்றேன்.

அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார். மருந்து உள்ளே இருக்கும்போது ஆபத்து முடிந்தது என்று சங்கு ஊதுவதா? காவலாட்கள் கொடியை இறக்கி வழியைத் திறந்துவிடுவார்கள். நிறுத்திவைத்த டவுன் பஸ், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள், எல்லாம் உள்ளே வந்துவிடும். இதைப் படிக்கிற நீங்கள் யாரும் அதைச் செய்யக் கூடாது. பின்னால் மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது, நாங்கள் இருவரும் விளக்கம் எழுதிக் கொடுத்தோம், அவர்கள் கேட்டது நியாயம்தான். அன்றைக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"மொதல்ல காவல்ல நிக்கிற ஒவ்வொருத்தங்கிட்டயும் பேசிருவோம் சார். சங்கு ஊதும், ஆனா கொடிய எறக்காதன்னு சொல்லிருவோம். எல்லாரும் சரின்னு சொன்ன பெறகு ஊதுவோம்."

அவர் வாக்கி-டாக்கியை எடுத்தார். ஒவ்வொரு காவலாகக் கூப்பிட்டார். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். எல்லோரும் சொன்னார்கள், கிழக்கு வண்டிப்பாதைக் காவலைத் தவிர. அங்கிருந்து இரைச்சல்தான் வந்தது. செட் செத்துவிட்டது போலிருக்கிறது. மறுபடி கூப்பிட்டார். மறுபடியும் இரைச்சல். மேகம் சுரங்கத்தின் மேல் விளிம்புக்கு வந்துவிட்டது. காற்று சட்டென்று குளிர்ந்தது.

மேனேஜர் ஜீப் சாவியை எடுத்தார். "நான் போயி அந்த வழியில நிக்கிறேன். நான் போயிச் சேந்ததும் ஹெட்லைட் போடுவேன். அப்ப ஊதச் சொல்லுங்க."

"சார், இடி..."

"தெரியுதுங்க" என்றார். முகம் வெளிறியிருந்தது. வெட்டவெளியில் ஜீப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மேல் அதுவரை எனக்கிருந்த கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

ஜமால் பாயைக் கூப்பிட்டு நீட்டுச் சங்கு ஊதச் சொன்னேன்.

"வெடிச் சத்தமே கேக்கலியே அண்ணே?"

"இன்னும் வெடிக்கல பாய். ஆள் ஒண்ணு உள்ள மாட்டியிருக்கு. நீட்டுச் சங்கு கேட்டாத்தான் எந்திரிக்கும்."

"அண்ணே, அந்தச் சத்தத்த நம்பித்தான் சுத்துப்பட்டு சனமே நடமாடுது. அத எப்புடிண்ணே பொய்யா ஊதறது? அல்லாவே, எங் கையி வரலண்ணே."

"பாய், காவலெல்லாம் பேசியாச்சு. மேனேஜர் சாரே போயி நிக்கிறாரு. உள்ள இருக்கிறது எங்க அக்கா."

அப்படிச் சொன்ன பிறகுதான், அதை நான் முழுசாக நம்புகிறேன் என்று எனக்கே தெரிந்தது. கிழக்கே ஜீப்பின் விளக்கு எரிந்தது. "இப்ப ஊதுங்க" என்றேன். "யா அல்லா" என்று ஒரு குரல் கேட்டது. பிறகு சங்கு, ஒரே மூச்சாக, நீளமாக.

ஓடையில் ஒன்றும் அசையவில்லை. ஒருவேளை நாய்தானோ என்று நினைத்தேன். அந்தச் சங்கு ஓயப்போகிற நேரத்தில் குடைவிலிருந்து ஒரு மஞ்சள் சேலை எழுந்தது. முட்டியில் கைவைத்து, மெதுவாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு. மடியில் ஒரு முடிச்சு. அஞ்சலை அக்காவேதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அழ நேரமில்லை. ஏனென்றால் அவள் எழுந்து நின்று, சேலையைத் தட்டிவிட்டு, நேராகச் சுரங்கத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். மருந்து ஏற்றிய குழிகளைப் பார்த்து. நீட்டுச் சங்கு ஊதினால் அந்தப் பக்கம்தானே போவோம்.

பெட்டிச் சாவியை இடுப்புப் பையில் போட்டு அழுத்திக்கொண்டேன். அது என்னிடம் இருக்கிற வரைக்கும் வேறு எவனும் அமுக்க முடியாது. ஷெல்டருக்கு வெளியே மண்மேடு வரைக்கும் ஓடினேன்.

"அக்கா! அங்க போவாத! மேட்டுப் பக்கம் வா!"

திரும்பிப் பார்த்தாள். திருடிக்கொண்டு போகும்போது அகப்பட்ட மாதிரி மடியைப் பொத்திக்கொண்டாள். "எதுக்குடா கத்துற? சங்குதான் ஊதிருச்சுல்ல. ரோட்டு வழியாவே போயிக்கிறேன், ஒங்க வேலிய நான் தாண்டல."

"அந்தப் பக்கம் மருந்து இருக்குக்கா!"

"என்ன மருந்து? அதான் ஊதிருச்சுங்கிறேன். காது கேக்கலியா ஒனக்கு?"

நம்பவே இல்லை. ஐம்பது வருடமாக நம்பிய சங்கை விட்டுவிட்டு என் பேச்சை ஏன் நம்புவாள்? அவள் கண்ணில் நான் கம்பெனிக்காரன், மண்ணைப் பிடுங்க வந்தவன். இன்னும் நாலு எட்டு அந்தப் பக்கம் வைத்தாள். விளக்கம் சொல்ல நேரமில்லை, சொன்னாலும் வாதாடுவாள். தன் உயிருக்காக அவள் ஓடுகிறவள் இல்லை. வேறு எதற்காக ஓடுவாள் என்று யோசித்தேன்.

"மழ வருதுக்கா! சாமி மண்ணு நனையப்போவுது! இங்க கூண்டு இருக்கு, ஓடியா!"

அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். முதல் துளிகள் விழ ஆரம்பித்திருந்தன. முந்தானையை இழுத்து மடி முடிச்சின் மேல் சுற்றினாள். திரும்பினாள். என்னை நோக்கி ஓடிவந்தாள், அந்த வயதில், செருப்பில்லாத காலோடு, கல்லும் முள்ளும் பார்க்காமல். மேட்டில் கை கொடுத்துத் தூக்கி, ஷெல்டருக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். மூச்சு வாங்க, முதலில் முடிச்சைத்தான் தடவிப் பார்த்தாள். "நனையல" என்றாள்.

ஓடைக்கு மேலே குருவி ஒரு சுற்றுப் போட்டுவிட்டு அடங்கியது.

மேனேஜர் ஜீப்பில் திரும்பி வந்தார். அக்காவைப் பார்த்தார். தன் தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டினார். கிழக்குப் பாதைக்கு வேறு செட் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எல்லாக் காவலையும் மறுபடி கேட்டார். மறுபடி எல்லோரும் சரி என்றார்கள். அக்காவை வெளியே அனுப்ப நேரமில்லை, மின்னல் தலைக்கு மேல் வந்துவிட்டது. ஜமால் பாயிடம் சொன்னேன். விட்டு விட்டுச் சங்கு ஊதியது.

அக்கா சட்டென்று தரையில் குந்தி என் பிடரியைப் பிடித்து அமுக்கினாள். நான் குந்தினேன். மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அன்றைக்கு வெட்கமாக இல்லை.

குந்தினபடியே சாவியை எடுத்தேன். அவள் அதைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.

"நீதான் அமுக்குவியாடா?"

"ஆமாக்கா."

"குடைவு போயிருமா?"

"போயிரும்."

மடி முடிச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "சரி, அமுக்கு. மண்ணு எங்கிட்ட இருக்கு."

அமுக்கினேன். தரை ஒருமுறை தூக்கிப்போட்டது. கூண்டின் மேல் சின்னச் சின்னக் கல் விழுந்து உருண்டது. புழுதி அடங்கிய பிறகு நான் மட்டும் போய், வெடிக்காத குழி ஏதாவது உண்டா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். எல்லாம் வெடித்திருந்தன. குடைவு இருந்த இடத்தில் பாறைக் குவியல்தான் கிடந்தது. ஜமால் பாயிடம் சொன்னேன். நீட்டுச் சங்கு ஊதியது, இந்தத் தடவை உண்மையாக.

மேனேஜர் கதவைத் திறந்தார். அக்கா எழுந்திருக்கவில்லை. முழங்காலுக்கு நடுவில் தலையை வைத்துக் குந்தியே இருந்தாள். அவள் மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"எந்திரிக்கா. முடிஞ்சுருச்சு. சங்கு ஊதிருச்சு."

தலையைத் தூக்காமலே கேட்டாள். "தம்பி, இது நெசமாவே ஊதுனதாடா? இல்ல, முன்னாடி மாதிரி சும்மா ஊதுனதா?"

அவள் உயிரைக் காப்பாற்றிவிட்டேன் என்று அதுவரை உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அன்றைக்கு வரைக்கும் அந்தச் சத்தத்தை அவள் முழுசாக நம்பினாள். இனி நம்ப மாட்டாள், நான் சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டாள்.

"நெசந்தாங்க்கா" என்றேன். அவள் அசையவில்லை.

நான் கதவைத் தாண்டி வெளியே போனேன். அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, சுரங்கத்தைப் பார்த்த வெட்டவெளியில், கொட்டுகிற மழையில் போய் நின்றேன். திரும்பி அவளைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முட்டியில் கைவைத்து எழுந்து, முடிச்சை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு, நான் நடந்த தடத்திலேயே வந்தாள்.

அதனால்தான் சொல்கிறேன். சங்கு ஊதியதும் அவசரப்பட்டு என்னைப் போன்ற கிழவர்களை முந்திக்கொண்டு ஓடாதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் முதலில் நடக்கட்டும். நாளைக்குச் சாவி உங்கள் கைக்கு வந்தால், நீங்கள் முதலில் நடங்கள்.